போன வருஷத்துச் செவ்வாய்க்கிழமை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குப் பங்கு வியாபாரத்தில் ஆசை வந்தது. “கைக்காசைத் தொடாதீங்க, முதல்ல சும்மா பழகுங்க” என்றாள் மனைவி. கணினியில் பயிற்சிச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டார். பழைய தேதி ஒன்றைக் கொடுத்தால் அன்றைய சந்தையை அப்படியே மறுபடி ஓட்டிக்காட்டும். லாபமும் பொய், நஷ்டமும் பொய். கைக்கு வந்த தேதியைப் போட்டார். அது போன வருஷத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று.

காலை ஒன்பதே காலுக்குத் திரையில் சந்தை திறந்தது. ஏழு மாதத்துக்கு முன் இறந்துபோன தம்பி டீ டம்ளரோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

“எதை வாங்கப் போற, அண்ணா?”

தோளைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. மூன்றரைக்குச் சந்தை மூடியதும் நாற்காலி காலியாகிவிட்டது.

வேறு தேதிகளில் அவன் வரவில்லை. அதனால் தினமும் அதே செவ்வாய்க்கிழமையைப் போட்டார். கடையைத் திறக்கவே இல்லை. மனைவி கேட்டால், “இன்னும் கை பழகல” என்று மழுப்பினார்.

நாற்பதாவது நாள் தம்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

“போதும் அண்ணா. இந்த டீயை எத்தனை தடவைதான் குடிக்கிறது? என்னால எழுந்து போக முடியல.”

“நாளைக்கு நிறுத்திடறேன்டா.”

மறுநாளும் அவர் விரல் அதே தேதியில்தான் போய் நின்றது. தம்பி வந்தான். டீயைத் தொடாமல் உட்கார்ந்து, வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.