வேம்பார்க் கடலின் ஒரு நாள்

பவளத் தொட்டிக்கு விளக்கு வாங்கப் போன ஜெசிந்தாவிடம், எந்தக் கடல், எந்த நாள் என்று கேட்டான் கடைக்காரன் கஸ்பார். கடலடியில் பதிவான வெளிச்சத்தை அப்படியே தொட்டிக்குள் விரிக்கிற விளக்குகள் அவை.

வேம்பார்க் கடலைச் சொன்னாள். கணவன் இன்னாசி கடைசியாகக் கடலுக்குப் போன நாளைச் சொன்னாள்.

கஸ்பார் அந்த நாளின் பதிவை ஓட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான். “இது வேண்டாம்க்கா. காலையில ஒரு வள்ளத்தோட நெழலு குறுக்க போவுது. அழிச்சுத் தரட்டா?”

மற்ற மீனவர்கள் அந்தப் பதிவு எடுத்த பவளப்பாறையைச் சுற்றிப் போவார்கள். அதன் மேலேயே வள்ளத்தை விடுகிறவன் இன்னாசி ஒருவன்தான்.

“அதத் தொடாத தம்பி.”

“சாயங்காலம் மேகம் வேற. வெளிச்சம் பத்தாம பவளம் தாங்காது. மறுநாள் நல்ல வெயிலு, அதயும் சேத்துக்கிடுங்க.”

“மறுநாள் வேண்டாம். இது ஒண்ணே தெனமும் ஓடட்டும்.”

வீட்டுத் தொட்டியில் பவளம் ஓரத்தில் வெளுக்கத் தொடங்கியும் அவள் நாளை மாற்றவில்லை. காலையில் நிழல் ஊர்ந்து வர, மீன்கள் பொந்துக்குள் ஒதுங்குகின்றன. “போயிட்டு வாங்க” என்கிறாள். பிறகு, நிழல் போய் மறைந்த பக்கம் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறாள்.