பாஷை தெரியாத ஊர்

வரதன் சவுக்குத் தோப்பிலிருந்து வெளியே வருவதை நான்தான் முதலில் பார்த்தேன்.

மகாபலிபுரம் கடற்கரையில் மகள் கண்ணகியின் ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் இருபது அடி தள்ளி, காரின் படியில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

வரதன் தோளில் ஒரு சைக்கிள் டியூப் தொங்கியது. உள்ளே இருந்தது காற்று இல்லை, சாராயம். மதுவிலக்கு வந்த நாளிலிருந்து செங்கல்பட்டில் பாதிப் பேர் வரதன் கொண்டுவரும் அந்த டியூபை நம்பித்தான் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினார்.

நாங்கள் கார் ஏறி அன்றைக்குப் பதினைந்தாவது நாள்.

அவருக்கு ஈரல் வீங்கிவிட்டது, குடியை விடாவிட்டால் இன்னொரு மழைக்காலம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரிடம் சொல்லிப் பயனில்லாமல் என்னிடம் சொன்னார். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. சட்டம் எந்தக் குடிகாரனைத் தடுத்தது? ஊரில் நாலு பேரைத் தெரிந்தவனுக்குச் சரக்கு வீடு தேடி வரும். யாரையும் தெரியாத, வாயைத் திறந்து கேட்கவும் வழியில்லாத ஊரில் என்ன செய்வார்?

பண்டரிபுரத்துக்குக் குடும்பத்தோடு காரில் வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். பச்சைப் பொய். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்றால், அந்தக் கல்யாணத்தைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லக்கூடாதா?

கோடையில் நெல் மண்டிக்கும் வேலை இல்லை. அவர் மறுப்புச் சொல்லாமல் காரை எடுத்தார்.

திருப்பதியில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்க விடவில்லை. தெலுங்கு அவருக்கு அரைகுறையாக வரும். பெங்களூர் வழியாகப் போனால் ரோடு நன்றாக இருக்கும் என்றார். முடியவே முடியாது என்றேன். அங்கே தடுக்கி விழுந்தால் தமிழன் மேல்தான் விழவேண்டும். கடப்பை, பல்லாரி, பீஜப்பூர் என்று வெயிலில் வெந்துகொண்டே போனோம்.

பல்லாரியில் அவருக்கு உடம்பு உதறத் தொடங்கியது. சத்திரத்தை விட்டுத் தனியாகக் கடைத்தெருவுக்குப் போனார். நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீசையில் மோரோடு திரும்பி வந்தார். சைகை காட்டிக் கேட்டவரை யாரோ ஒரு புண்ணியவான் கையைப் பிடித்துக் கொண்டுபோய்த் தண்ணீர்ப் பந்தலில் விட்டிருக்கிறார்.

மூன்று நாள் அங்கேயே கிடந்தோம். மலேரியா என்று நினைத்து சத்திரத்துக்காரர் கஷாயம் கொண்டுவந்தார். இவரை நானே கொன்றுவிடப் போகிறேனோ என்று பயந்து, கண்ணகிக்குத் தெரியாமல் அழுதேன்.

நாலாம் நாள் எழுந்து இட்லி கேட்டார். பண்டரிபுரத்தில் கண்ணகிக்கு வளையல் வாங்கிப் போட்டுவிட்டு, எத்தனாவது படிக்கிறாய் என்று விசாரித்தார். பெற்ற அப்பாவுக்கு அது தெரியாதா என்று எனக்குக் கோபம் வரவில்லை. கேட்டாரே என்றிருந்தது.

திரும்பும் வழியில் தமிழ் எழுத்துப் பலகை கண்ணில் பட்டதும் எனக்குத் திரும்பவும் பயம் பிடித்துக்கொண்டது. செங்கல்பட்டில் எங்கள் வீடு வந்தது. நிறுத்த வேண்டாம், கடலில் குளித்தால்தான் வேண்டுதல் முடியும் என்று இன்னொரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அவரும் திருக்கழுக்குன்றம் ரோட்டில் திருப்பினார்.

புதுச்சேரிச் சரக்கு படகில் வந்து இறங்குகிற கரை இதுதான் என்று யார் கண்டது? வீட்டுக்குப் போகப் பயந்து, அவரை நானே புலியின் வாயருகே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

வரதன் காரை நெருங்கிவிட்டான். நான் பாவாடையைப் பிழிந்துகொண்டே நின்றேன்.

"இன்னா அண்ணாத்த, பதினஞ்சு நாளா ஆளையே காணோம்? மொத சரக்கு, இப்பதான் எறங்கிச்சு."

அவர் துண்டைக் கீழே இறக்கினார். டியூபைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. அப்புறம் வரதனை, முன்பின் பார்த்திராத ஒருவனைப் பார்ப்பதுபோல ஏற இறங்கப் பார்த்தார்.

"கொத்தில்லா" என்றார்.

கன்னடத்தில் தெரியாது என்று அர்த்தம்.

"இன்னா அண்ணாத்த, வெயில்ல மண்ட காஞ்சி பூட்ச்சா? நான் வரதன்!"

"தமிழ் கொத்தில்லா."

சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வரதன் கொஞ்ச நேரம் கண்ணாடியில் தட்டினான். பிறகு என்னைப் பார்த்துத் தலையில் ஒரு விரலைச் சுழற்றிக் காட்டிவிட்டுத் தோப்புப் பக்கம் போனான்.

நான் கண்ணகியை இழுத்துக்கொண்டு ஓடிப் போய் ஏறினேன். அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

பதினைந்து நாளும் அவரை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு அலைந்ததாக நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அவர்மேல் ஆசையாக இருந்தது.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"சாரதா, வேற எந்தச் சாமிக்கு வேண்டிகினு கீறே? இப்பவே சொல்லிடு. வூட்டுக்கு அப்பாலிக்கா போவலாம்."

"பூரி ஜகந்நாதர்" என்றேன்.

பூரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கே யாரும் தமிழ் பேசமாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.