நிழலரசிக்கு மூன்றாம் இடம்

“பேய்க்கதை எழுதறவங்கள்ல யார் கெட்டிக்காரர்? சும்மா பேச்சுக்குத்தான், சொல்லுங்க.”

மதியச் சாப்பாட்டு மேஜையில் மேனேஜரே வந்து உட்கார்ந்து இப்படிக் கேட்டதும் பூனைக்கு உச்சி குளிர்ந்தது.

அந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸின் தபால் பிரிவு குமாஸ்தாவுக்கு எல்லோரும் வைத்த பெயர் பூனை. நடந்தால் சத்தம் வராது. பேசினாலும் பெரிதாக வராது. அந்தப் பூனைதான் ‘நிழலரசி’ என்ற பெயரில் பேய் நாவல்கள் எழுதித் தள்ளுகிறது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. வெளியில் சம்பாதிப்பது தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

டைப்பிஸ்ட் நெட்டை முந்திக்கொண்டான்.

“கிணத்துக்காரர்தான் சார் ஒஸ்தி. எந்தக் கதைன்னாலும் ஒரு கிணறு வந்துடும். பேயைக் காட்டவே மாட்டார். கயிறு மட்டும் ஆடும். நமக்கு ஈரக்குலை நடுங்கும். என்ன, முடிக்கத்தான் தெரியாது. கடைசியில எல்லாமே கனவும்பார்.”

“டாக்டர் ஒருத்தர் எழுதறாரே, அவர்?” என்றார் மேனேஜர்.

“விறுவிறுப்புல அவரை அடிச்சுக்க ஆளில்லை,” என்றாள் கணக்குப் பிரிவின் மூத்தவள். ஆபீஸ் முழுவதற்கும் அவள் கணக்கு அக்கா. “ஆனா பொணத்தை அறுக்கறதையே மூணு பக்கம் எழுதறார். அப்புறம் சோறு இறங்குமா?”

மேனேஜர் கையிலிருந்த புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். நிழலரசியின் புது நாவல். செத்துப்போன மேனேஜர் ஒருவர் பேயாக வரும் கதை.

“இந்த அம்மா எப்படி?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அட, சார் நம்ம ரசிகர்! பூனைக்குத் தலைகால் புரியவில்லை. இருந்தாலும் எழுத்தாளருக்கு அடக்கம் வேண்டாமா?

“நிழலரசியா? ஏதோ சுமார்தான் சார்,” என்று சொல்லிவிட்டு, யாராவது மறுப்பார்கள் என்று காத்திருந்தான்.

ஒருவரும் மறுக்கவில்லை. எதற்கும் ஒத்துப்போகாத அந்த மேஜை, இதில் மட்டும் ஒற்றுமையாகத் தலையாட்டியது.

“சுமார்னு சொன்னா சுமாருக்கே அவமானம்,” என்றாள் அக்கா. “பேய் வர்றதுக்கு முன்னாடி நாலு பக்கம் மழை. வந்த பேய் ஒழுங்கா பயமுறுத்துமா? உட்கார்ந்து தன் சோகக் கதையைச் சொல்லும். கதாநாயகி பயந்தாலும் மயக்கம் போடுவா, பயப்படலைன்னாலும் மயக்கம் போடுவா.”

நெட்டைக்குச் சிரிப்பில் புரையேறியது.

பூனைக்குக் காதுமடல் சுட்டது. அந்த மயக்கங்களை எழுதும்போது அவனே நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான்!

“நல்லதா... ஒண்ணுகூட இல்லையா அக்கா?”

“ஏன் இல்லாம? எழுத்து பெரிசா இருக்கும். கண்ணாடி போடாமலே படிக்கலாம்.”

மேனேஜர் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “ஆனா இதுல வர்ற ஆபீஸ் தத்ரூபமா இருக்கே. எழுதினவங்களுக்கு ஆபீஸ் வேலை அத்துப்படிபோல.”

“தத்ரூபமா? எந்த ஊர் ஃபைல் ரூம்ல சார் அவ்வளவு பெரிய ஜன்னல் இருக்கு? ஆபீஸ் வாசலையே மிதிக்காத ஆளு எழுதினது!” என்றாள் அக்கா.

மற்றதையெல்லாம் முழுங்கியவனுக்கு இது தொண்டையில் நின்றது. வாசலை மிதிக்காத ஆளா?

“அந்த ஜன்னல் வேணும்னே வெச்சது அக்கா!” என்று பூனை முதல்முறையாகச் சத்தமாகப் பேசியது. “அது ஏன்னா, அந்தப் பேயோட மனசுல...”

அக்காவின் கை பட்டு ஜக் சாய்ந்தது. ஜக் நிறைய இருந்த தண்ணீர் அப்படியே அவன் மடியில்.

மேஜையே குலுங்கிச் சிரித்தது. பூனை எழுந்து ஓடியது.

கைகழுவும் இடத்தில் பேன்ட்டைப் பிழிந்துகொண்டு நின்றபோது, அக்கா ஒரு துண்டோடு வந்தாள்.

“நிழலரசி உங்களுக்கு என்ன பாவம் பண்ணினா அக்கா?” என்றான், அழாத குறையாக.

“மெதுவாப் பேசு. வழுக்கை, பச்சை மை, பேசும்போது காதைக் குடையற பழக்கம்... உன் கதையில செத்த மேனேஜர் யாருன்னு அவருக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? காலையிலேருந்து அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு மேஜை மேஜையா ஆள் தேடிக்கிட்டிருக்கார். நல்லவேளை, இப்போ மாடிக்குப் போயிட்டார்.”

நனையாத இடமும் ஜில்லிட்டது. அவன் எழுதிய எந்த நாவலும் யாரையும் இப்படிப் பயமுறுத்தியதில்லை.

“நான்தான்னு... உங்களுக்கு எப்படி...”

“உன் பேய் எப்படிப் பேசுது? ‘தங்கள் உயிரைத் தாமதமின்றி ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.’ தபால் பிரிவைத் தவிர வேற எங்கேடா பேய் இப்படிப் பேசும்? நீ எழுதி வைக்கிற எந்தக் கடிதத்தையும் அவர் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடறதில்லை. அதனால நீ தப்பிச்சே.”

பூனைக்குக் கண் கலங்கிவிட்டது.

“அப்போ... நீங்க சொன்ன குறையெல்லாம் என்னைக் காப்பாத்தத்தானே அக்கா?”

“தண்ணியைக் கொட்டினேனே, அதுதான் உன்னைக் காப்பாத்த,” என்று துண்டை நீட்டினாள் அக்கா. “சொன்னதெல்லாம் நிஜம். உன் புத்தகம் வந்த அன்னிக்கே ஒண்ணு விடாம வாங்கிப் படிக்கிறவ, எனக்குத் தெரியாதா?”