மோப்பம் பிடிக்கும் பெட்டி

“காலை எடுடா, காலை எடு. பெட்டி கத்துது” என்றான் கிளெட்டஸ்.

ராய்ஸ் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். எண்பது மைல் வேகத்தில் பறந்த பிக்கப் வண்டி முனகிக்கொண்டே தளர்ந்தது. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்னப் பெட்டி சிவப்பு விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டிக் கீச்சிட்டது.

கிளெட்டஸுக்குப் பெருமை தாங்கவில்லை. மாப்பிள்ளைத் தோழனாக நேற்றிரவுதான் டெக்சஸிலிருந்து நெப்ராஸ்காவுக்கு வந்திருந்தான். பெட்டி அவன் கொண்டுவந்த பரிசு.

“போலீஸ் அனுப்புற ரேடார் அலை நம்ம வண்டியில பட்டுத் திரும்பிப் போய் வேகத்தைப் போட்டுக் கொடுத்துடும். ஆனா அது நம்மளை அளக்கறதுக்கு முன்னாடியே, ரெண்டு மைல் தூரத்துலயே இது மோப்பம் பிடிச்சிடும். எப்படி நம்ம பரிசு?”

“பரிசு பிரமாதம். அதை மாட்டறேன்னு ஒரு மணி நேரத்தைத் தின்ன பாரு, அதுதான் இப்ப இடிக்குது. பத்து மணிக்கு வர்றேன்னு சொல்லியிருந்தேன். இப்பவே பதினொண்ணு.”

கல்யாணம் செய்துவைக்கும் நீதிபதி மாவட்டத் தலைநகருக்கு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைதான் வருவார். பன்னிரண்டு அடித்தால் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். போன மாதம் பசு கன்று ஈன்ற களேபரத்தில் ராய்ஸ் கல்யாணத்தைக் கோட்டைவிட்டிருந்தான். இந்த மாதமும் விட்டால் மணப்பெண் நோரீன் விடமாட்டாள்.

“அப்ப மிதிச்சு ஓட்டு.”

“மிதிச்சு மாட்டினா? இந்த வருஷம் மூணு தடவை அபராதம் கட்டியாச்சு. நாலாவது விழுந்தா மோதிரம் திரும்பி வந்துடும்னு சொல்லியிருக்கா.”

“பொல்லாத பொண்ணா இருப்பா போலிருக்கே.”

“இந்தப் பெட்டி மட்டும் அவ கண்ணுல படக்கூடாது. அவ்வளவுதான் சொல்வேன்.”

கீச்சு உச்சத்துக்குப் போனது. ராய்ஸ் சடாரென்று திருப்பி, வைக்கோல் உருளைகளுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினான். கோட்டும் டையுமாக இரண்டு தடியர்களும் இருக்கைக்குக் கீழே குனிந்துகொண்டார்கள். போலீஸ் கார் ஒன்று விர்ரென்று கடந்து போனது. கிளெட்டஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சத்தம் அடங்கியதும் மறுபடி பறந்தார்கள். பத்து மைல்கூடப் போகவில்லை, பெட்டி மறுபடி கத்தியது. இந்தத் தடவை மாட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மறைவு. ஒளிந்ததில் பதினைந்து நிமிடம் போனது. ராய்ஸின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“போன் பண்ணிச் சொல்லேன்டா.”

“இந்த மேட்டு நிலத்துல சிக்னல் ஏது? மாடுங்கதான் இருக்கு.”

மூன்றாவது முறை கத்தியபோது ஒளிய ஒரு புதர்கூட இல்லை. ராய்ஸ் இருபதுக்கு இறங்கி, நல்ல பிள்ளையாக ஊர்ந்தான். எதிரே வந்த போலீஸ் கார் சிவப்பும் நீலமுமாக விளக்கைச் சுழற்றி, திரும்பி வந்து அவர்களை ஓரங்கட்டியது.

இறங்கி வந்தவள் நல்ல உயரம். கறுப்புக் கண்ணாடி. சீருடைப் பையில் ஒரு வெள்ளை ரோஜா.

ராய்ஸ் வாயைத் திறப்பதற்குள் கிளெட்டஸ் முந்திக்கொண்டான். “மேடம், இவனுக்கு இன்னைக்குக் கல்யாணம். பொண்ணு சரியான ராட்சசி. லேட்டாப் போனா கொன்னுடுவா. நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்.”

ராய்ஸ் அவன் தொடையைக் கிள்ளினான். கிளெட்டஸ் நிறுத்தவில்லை. “பாவம் மேடம், வாழ்க்கையே போயிடும்.”

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். முன்கண்ணாடியில் கத்திக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

“உன்னைத் தேடி இந்த ரோட்டுல மேலயும் கீழயுமா மூணு தடவை போயிட்டேன் ராய்ஸ், தூரத்துல ஏதாவது வண்டி தெரியுதான்னு ரேடாரை வேற போட்டுக்கிட்டு” என்றாள் நோரீன். “இன்னும் பதினோரு மைல், ஒம்பது நிமிஷம்தான் இருக்கு, நான் சைரன் போட்டு முன்னால போறேன், எண்பதுக்குக் குறையாம என் பின்னாலயே வா.”