நாலு காசு ஆமை

அன்றைய காசு பொறுக்கும் ஆட்டத்தில் கிடா, அணில், தவளை, ஆமை என நான்கு பேர் இருந்தார்கள். டிவி திரைக்குள் இருக்கும் அந்தக் களத்தில் வானத்திலிருந்து முப்பது தங்கக் காசுகள் விழும். மணி அடிக்கும்போது அதிகம் வைத்திருப்பவருக்கே வெற்றி. இடையில் யார் இடறி விழுந்தாலும் வைத்திருப்பதெல்லாம் சிதறிவிடும். இன்றும் கடைசியாக வந்தால், ஆமையின் இடம் முயலுக்குப் போய்விடும்.

முப்பதும் விழுந்து முடிந்தன. கிடாவிடம் பதினான்கு, அணிலிடம் ஏழு, தவளையிடம் ஐந்து. ஆமையிடம் நாலே நாலு.

கிடா கொம்பைத் தாழ்த்திக்கொண்டு ஆமையின் பக்கம் திரும்பியது.

"அதான் ஜெயிச்சாச்சே, அந்த நாலை விட்டுடுண்ணே" என்றது தவளை.

"மிச்சம் வைக்கிற பழக்கம் நம்மகிட்ட கிடையாது தம்பி" என்றது கிடா. "டேய் ஓட்டுக்காரா, கக்குடா!"

தனக்கு ஓட வராது என்று ஆமைக்கு நன்றாகவே தெரியும். நாலு காசையும் வயிற்றுக்கடியில் தள்ளி, தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு தரையோடு தரையாக அமர்ந்தது. கிடா ஓடிவந்து முட்டிய முட்டில் களமே அதிர்ந்தது. ஓடு அசையவில்லை. கிடாதான் துள்ளிப்போய் மல்லாந்து விழுந்தது. பதினான்கும் சிதறின.

அணிலும் தவளையும் எதிர்மூலையிலிருந்து பாய்ந்து வருவதற்குள், ஆமை தன்னைச் சுற்றிக் கிடந்த பத்தை வாரிவிட்டது. அணிலுக்கு இரண்டு கிடைத்தது, தவளைக்கு ஒன்று. மணி அடித்தது.

"ஆமை, பதினான்கு! முதலிடம்!"

திரை முழுக்க வாணம் வெடித்தது. ஆமை வெட்கத்தோடு கழுத்தை நீட்டி, முதன்முறையாக மேடையின் உச்சிப்படியில் ஏறி நின்றது.

கீழே, கிடாவின் மூக்குக்கு நேராக, மிச்சம் ஒரே ஒரு காசு கிடந்தது.