ஸ்பெயினுக்கு ஒரு டிக்கெட்

“ஒரு மாசம் தனிய ஸ்பெயினோ? ஆள் துலைஞ்சால் ஆர் தேடுறது? விசரே அம்மா?”

“எனக்குத் தனிய இருக்கவேணுமடி. மட்ரிட், செவில், பார்சலோனா, எல்லாம் ரயிலிலை. டிக்கெட்டும் போட்டாச்சு.”

குசினியில் மகள் சுதாஜினிக்கும் என் மனைவி கிளிக்கும் சண்டை. மொன்றியல் துறைமுக வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்ற நாள் முதல், கிளி வெங்காயம் வெட்டுவதைக்கூடப் பக்கத்தில் நின்று திருத்துகிறேன். இவ்வளவு உதவி செய்தும், பாவம், களைத்துவிட்டாள்.

பெருந்தன்மையோடு உள்ளே போனேன்.

“போட்டு வாரும் கிளி. வீட்டை நான் பாக்கிறன்.”

“நான் எங்கையப்பா போறன்? நான் இஞ்சை தனிய இருக்கப்போறன். டிக்கெட் உங்கட பேரிலை.”

செவ்வாய்க்கிழமை பயணம். செவிலில் புட்டு கிடைக்கும் கடை தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே பதில் போடுங்கள்.