எந்தக் கேசட்

ஊரே மறந்திருந்த ‘நீலக் கம்பி’ என்ற சின்தசைசர் குழு மறுபடி பாட வந்தபோது, புதுப் பாட்டுகளைத் தயாரித்துத் தர என்னை அழைத்தார்கள். சிறு வயதிலிருந்தே அவர்கள் பாட்டைக் கேட்ட அளவு நான் வேறு எதையும் கேட்டதில்லை. ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழுவின் பாடகர்களான அருளப்பனும் அவர் தங்கை சகாயமும் நிற்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் என்னைத்தான் கேட்பார்கள்.

“தம்பி, இந்த இடத்துல நாங்க என்ன பண்ணுவோம்?”

நான் சொல்வேன், அப்படியே செய்வார்கள். இப்படிச் சேர்ந்ததெல்லாம் அவர்களுடைய பழைய பாட்டுகளின் நகல்கள்தான்.

இன்று, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த என் சொந்த மெட்டைக் கீபோர்டில் வாசித்தேன். இதை அவர்கள் பாடிவிட்டால் எனக்குப் போதும்.

முடிக்கும் முன்பே சகாயம் கைதட்டினார். “அய்யோ, இது நம்ம பாட்டாச்சே! ரெக்கார்டிங் அன்னிக்கு உனக்குக் காய்ச்சல்ணே.”

“காய்ச்சல் உனக்குடி. எனக்குப் பல்வலி.”

அருளப்பன் என்னிடம் திரும்பினார். “நீ சொல்லு தம்பி, இது எந்தக் கேசட்?”

இத்தனை நாளில் அவர்கள் எதையும் இவ்வளவு நிச்சயமாகச் சொன்னதில்லை. இரண்டு முகங்களும் கண்ணாடியை ஒட்டிக் காத்திருந்தன. மைக் பொத்தானை அழுத்தினேன்.

“ரெண்டாவதுண்ணே. பி பக்கம்.”

“பாத்தியா! தம்பிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு.” அருளப்பன் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “ஆனா பழசு வேணாம்ப்பா. புதுசா ஒண்ணு குடு.”

விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்தேன். எங்கே தொட்டாலும் அவர்களுடைய பாட்டே வந்தது.